கிழங்கில் வந்த எண்ணெய்

1

கிழங்கில் கொழுப்பு இல்லை. ஊரில் இருக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். மரவள்ளி அவித்துத் தின்கிற எவனுக்கும் தெரிந்த விஷயம்தானே என்பீர்கள். ஆனால் இதை நிரூபிப்பதற்காக ஆக்லாந்து நகரத்தின் நடுவில், நான்காம் மாடியில் வைத்து, எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆறாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்தவர்கள். இன்றைக்கு என் கழுத்தில் தொங்கும் அட்டையில் 'ஆய்வுகூட உதவியாளர்' என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்து என் மகள் மதுரா இரண்டு நாள் சிரித்தாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தபடியால், அட்டையை வீட்டிலும் போட்டுக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள், கழற்றும்படி இங்கிலீசில் சொல்லிவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை என் மனைவி பவளத்தின் நான்காம் ஆண்டுத் திவசம். அந்தக் கிழமையில்தான் கிழங்கில் எண்ணெய் வந்த விஷயமும் ஒரு முடிவுக்கு வந்தது. முடிவுக்கு வந்துவிட்டதென்று நித்யா சொல்கிறாள். நித்யா படித்த பிள்ளை, அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். பயந்த சுபாவம் உள்ளவர்கள் பகலில் வாசியுங்கள். பெரிய பிரயோசனம் இருக்காது. நானும் பகலில்தான் பயந்தேன்.

2

பசிபிக் கடலில் ஒரு குட்டித் தீவு நாடு இருக்கிறது. பெயரை எழுதினால் வேலை போய்விடும். அங்கே சனம் காலை, மதியம், இரவு என்று கிழங்குதான் தின்னும். மரவள்ளி, வள்ளிக்கிழங்கு, எல்லாவற்றுக்கும் மேலே டாரோ. டாரோ என்றால் எங்களுடைய சேம்பங்கிழங்கின் மூத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் கைக்குழந்தையின் தலை அளவு இருக்கும், மயிரும் இருக்கும்.

அந்த நாட்டு அரசாங்கத்துக்கு ஒரு விஷயம் தெரியவேண்டும். தங்கள் சனத்துக்கு ஒரு நாளில் எந்தச் சாப்பாட்டிலிருந்து எவ்வளவு கொழுப்புக் கிடைக்கிறது? அதற்கான பட்டியலில் மீனுக்கு ஒரு வரி, தேங்காய்க்கு ஒரு வரி, டின் இறைச்சிக்கு ஒரு வரி. கிழங்குக்கான வரியை நிரப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. தீவிலிருந்து வருகிற கிழங்கை வெறும் தண்ணீரில் அவித்து, அரைத்து, காயவைத்து, கீழ்மாடிக்கு அனுப்பினால் அங்கே மெஷின் கொழுப்பைப் பிரித்து எடுக்கும். கிழங்கு ஆனபடியால் கிட்டத்தட்ட ஒன்றும் வராது. அந்த 'ஒன்றும் இல்லை'யைத்தான் எழுதி அனுப்பவேண்டும்.

முதல் நாளே நான் நித்யாவிடம் கேட்டேன்.

"பிள்ளை, ஒண்டும் இல்லாததை அளக்கிறதுக்கு ஏன் இவ்வளவு பாடு?"

நித்யா தமிழ்நாட்டுப் பிள்ளை. இந்தச் சமையலறைக்குப் பொறுப்பு அவள்தான். கிளென்ஃபீல்டிலிருந்து தினமும் பஸ்ஸில் பாலம் கடந்து வருகிறாள்.

"அங்கிள், அந்த ஊர்ல ஸ்கூல் குழந்தைங்களுக்கு மத்தியானம் கிழங்குதான் சாப்பாடு. அதுல கொழுப்பு இல்லைங்கறதால தேங்காப்பால் ஊத்திக் கொடுக்கறாங்க. கிழங்குலயே இருக்குன்னு நாம எழுதிட்டோம்னு வைங்க, தேங்காப்பாலை நிறுத்திடுவாங்க. சின்னக் குழந்தைங்க கொழுப்பு இல்லாம எப்படி வளரும்?"

அன்றிலிருந்து நான் கிழங்கை மரியாதையோடு பார்க்கத் தொடங்கினேன்.

சமையலறையில் மூன்றாவது ஆள் லோசா. அந்தத் தீவுக்காரி, அறுபது வயது, நல்ல உயரம். நான் தோல் சீவி வெட்டுவேன், அவள் அவிப்பாள். அவள் ஊரில் எப்படி அவிப்பார்களோ அப்படி. என் இங்கிலீசையும் அவள் இங்கிலீசையும் சேர்த்தால் ஒருவேளை ஒரு முழு இங்கிலீசு வரும். ஆகவே அவள் சொன்னதையெல்லாம் இங்கே என் தமிழில் தருகிறேன். மயில்வாகனம் என்ற என் பெயரை 'மைல்' என்று சுருக்கியவளும் அவள்தான். அவளுடைய விசா இந்த அடுப்போடு கட்டிக் கிடந்தது. அடுப்பு போனால் அவளும் போகவேண்டும். மகனும் பேரப்பிள்ளைகளும் ரானுயியில், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள்.

என்னை ஏன் எடுத்தார்கள் என்று கேட்பீர்கள். ஹெண்டர்சன் பக்கம் ஒரு கிழங்குக் கிடங்கில் நானும் பவளமும் பன்னிரண்டு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று டாரோவும் மரவள்ளியும் சீவினோம். ஃப்ரீசர் பைகளில் அடைத்துக் கடைகளுக்குப் போகும். அங்கே வெட்டுகிற மெஷின் ஒரு நாள் என் வலது நடுவிரலில் பாதியை எடுத்துக்கொண்டது. நேர்முகத் தேர்வில் "அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள். கையைத் தூக்கிக் காட்டினேன். எழுதிக்கொண்டார்கள்.

அந்த விரலால் ஒரு சலுகையும் கிடைத்தது. எல்லாரும் கையுறை போடவேண்டும் என்பது சட்டம். எனக்குக் கையுறையின் வெறும் நுனி கத்தியில் சிக்கும் என்று விலக்குத் தந்தார்கள். பதிலுக்கு நான் சோப்புப் போட்டு நெடுநேரம் கை கழுவவேண்டும். கழுவிவிட்டு ஒரு படிவம் நிரப்பவேண்டும். எண்ணெய் சேர்த்தீர்களா? வெண்ணெய்? தேங்காய்ப்பால்? மிருகக் கொழுப்பு? நான்கு கட்டங்கள். இல்லை, இல்லை, இல்லை, இல்லை. என் வாழ்க்கையில் எல்லாக் கேள்விக்கும் சரியான விடை எழுதிய ஒரே சோதனை அது.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

நாங்கள் அவித்து அனுப்பிய முதல் தொகுதிக் கிழங்கின் முடிவு வந்த அன்று நித்யா படியேறி ஓடி வந்தாள். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

"அங்கிள், எண்ணெய் ஏதாவது விட்டீங்களா?"

"சத்தியமா இல்லை. கிழங்கு அவிக்க ஆரும் எண்ணெய் விடுவினமோ?"

"கிழங்குல இருக்கவே முடியாத அளவு கொழுப்பு வந்திருக்கு."

தொகுதியைக் கொட்டினோம். பானையை மாற்றினோம், கத்தியை மாற்றினோம், தண்ணீரைக்கூட மாற்றினோம். இரண்டாம் தொகுதியில் இன்னும் கூட வந்தது. மூன்றாவதில் நித்யா கீழ்மாடிக்காரரிடம் அது என்ன கொழுப்பென்று பார்க்கச் சொன்னாள். தேங்காய் எண்ணெய் என்று பதில் வந்தது.

அந்தச் சொல்லைக் கேட்டதும் என் முதுகில் ஏதோ ஊர்ந்தது. ஏனென்றால் அதற்கு முன்பே எனக்குச் சில விஷயங்கள் தெரியும். ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஒன்று, மணம். காலையில் நான் கிழங்கு சீவத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எனக்கு இடது பக்கமிருந்து தேங்காய் எண்ணெய் மணக்கும். இடது பக்கத்தில் சுவர்தான். கிடங்கில் பன்னிரண்டு வருடமும் பவளம் நின்றது இடது பக்கம்.

இன்னொன்று, ஜன்னல். லோசா பானையை மூடும் நேரம் கண்ணாடியில் ஆவி படியும். என் மேசைக்கு நேரே ஒரு இடத்தில் மட்டும் படியாது. ஒரு உள்ளங்கை அளவு இடம். விரல்கள் தெரியாது, உள்ளங்கை மட்டும். யாரோ சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்ததுபோல. நான் துடைத்துவிடுவேன். அடுத்த நாள் அது திரும்ப இருக்கும்.

பிறகு பானை. மூடியைத் திறந்தால் தண்ணீரின் மேலே சின்னச் சின்ன வட்டங்கள் மிதக்கும். ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒவ்வொன்றும் தனித்தனியாக. பத்துப் பதினைந்து கண்கள் கீழே இருந்து பார்ப்பது போலிருக்கும். லோசா கரண்டியால் கலக்குவாள். கண்கள் உடையும், பிறகு சேரும், பிறகு பார்க்கும்.

பவளத்தின் பொருள் ஒன்று என் வேலையிடத்து அலுமாரியில் இருந்தது. ஒரு சின்ன வட்ட டின், ஒரு காலத்தில் பெப்பர்மிண்ட் இருந்த டின். கிடங்கில் வேலை செய்த காலத்தில் அவள் அதில் தேங்காய் எண்ணெய் வைத்திருப்பாள். கடைசியாக நிரப்பி என் பைக்குள் வைத்தாள். அந்தக் கிழமையே ஒரு காலையில் எழும்பாமல் படுத்திருந்தாள். அதற்குப் பிறகு நான் அந்த டின்னைத் திறந்தது கிடையாது. பையிலிருந்து பைக்கு மாறி, அது இங்கே அலுமாரியில் ஏப்ரனுக்குப் பின்னால் இருந்தது.

ஆகவே என் மண்டைக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஆறாம் வகுப்புக் கணக்கு. எண்ணெய் மணக்கிறது, அதுவும் இடது பக்கம். பானைக்குள் எண்ணெய், அதுவும் தேங்காய். நான் விடவில்லை, லோசா விடவில்லை. அப்படியானால்?

பயம் என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால், பயத்தோடு சேர்ந்து இன்னொன்றும் இருந்தது. காலையில் ரயிலுக்கு நேரத்தோடு எழும்பத் தொடங்கினேன். சவரம் செய்தேன். மதுரா ஒரு நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஹூ இஸ் ஷி, அப்பா?" என்றாள்.



4

மதுராவும் நானும் ஒரே ரயிலில்தான் நகரத்துக்கு வருகிறோம். அவள் பல்கலைக்கழகத்துக்கு, நான் கிழங்குக்கு. ரானுயி ஸ்டேஷனில் பனிப்புகை கலையாத காலையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். ரயில் வந்ததும் அவள் அடுத்த பெட்டியில் ஏறுவாள். காதில் ஏதோ மாட்டியிருப்பாள். தாய் இருந்தபோது வீட்டில் தமிழ் மூன்று பேருக்கு நடுவில் ஓடியது. தாய் போனதும் அது நடுவில் அறுந்துவிட்டது. நான் இந்த முனையில் தமிழைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அந்த முனையில் அவள் இங்கிலீசு.

லோசாதான் என்னோடு வருவாள். ஒரு நாள் காலை நாலாக மடித்த ஒரு தாளை என் கையில் தந்தாள். மேல் அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து எழுத்துக்கூட்டினோம். மாதிரிகளில் தேங்காய்க் கொழுப்பு காணப்பட்டது பற்றி அவள் விளக்கம் சொல்லவேண்டும், திங்கட்கிழமை கூட்டம், துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம்.

அவளைச் சந்தேகிக்காமல் வேறு யாரைச் சந்தேகிப்பார்கள்? மதியச் சாப்பாட்டுக்கு அவள் தினமும் ஒரு டின் தேங்காய்ப்பால் கொண்டுவருவாள். போதாததற்கு, "வெறும் தண்ணீரில் அவித்த டாரோவைப் பன்றிகூட மன்னிக்காது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லியும் இருக்கிறாள்.

"நீ விட்டனியோ?" என்று கேட்டேன்.

"என்ர ஊர்ப் பிள்ளையளின்ர பாலை நானே வெட்டுவனோ, மைல்?"

"இல்லைத்தான்."

ரயில் இரண்டு ஸ்டேஷன் தாண்டியது. அவள் ஜன்னலைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"ஆர் செய்யிறது எண்டு எனக்குத் தெரியும். நீ கிழங்கு எடுக்க முதல் உனக்குப் பக்கத்தில ஒரு ஆள் வந்து நிக்கும். நான் அந்த நேரம் அந்தப் பக்கம் பாக்கிறேல்லை. எங்கட ஊரில அப்பிடிப் பாக்கக் கூடாது."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?" என்று சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

"பொம்பிளை," என்றாள் லோசா. "கட்டை."

பவளம் என் தோளுக்குக் கீழேதான் நிற்பாள்.

அன்று முழுக்க யோசித்தேன். கூட்டத்தில் போய் என்ன சொல்வது? 'ஐயா, எண்ணெய் விடுவது என் மனைவி. அவவைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க வசதியில்லை' என்றா? சொல்லாவிட்டால் லோசா போகவேண்டும். சொன்னால் என்னை டாக்டரிடம் அனுப்புவார்கள். இரண்டுக்கும் நடுவில், எனக்கு வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன், எண்ணெய் நின்றுவிடக் கூடாதே என்றும் ஒரு எண்ணம் இருந்தது.

5

நித்யா லோசாவை நம்பினாள். ஆனால் படித்தவர்களுக்கு நம்பினால் மட்டும் போதாது, காட்டவும் வேண்டும்.

"நாளைக்கு என் ஃபோனை ஃபிரிட்ஜ் மேல வெச்சு ரெக்கார்ட் பண்றேன். மறைச்சு இல்ல, சொல்லிட்டுத்தான் பண்றேன். காலையிலேர்ந்து பானை இறக்கற வரைக்கும். லோசா எதையும் ஊத்தலைன்னு மேல காட்டிடலாம். ஓகேவா அங்கிள்?"

"ஓம் பிள்ளை. நான் நடிச்ச முதல் படம்."

சொல்லிவிட்டு மறந்தும் போனேன். கத்தியும் கிழங்கும் கைக்கு வந்தால் எனக்கு உலகம் மறந்துவிடும்.

அடுத்த நாள் பின்னேரம் மூன்று பேரும் மேசையில் குனிந்து படத்தைப் பார்த்தோம். வெளியே வெய்யில். கீழே தெருவில் பஸ் போகிற சத்தம், மாணவர்கள் சிரிக்கிற சத்தம். பேய்க்கு ஏற்ற இடமே இல்லை.

படத்தில் நான் வருகிறேன். நடையே ஒரு பகிடி. சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன், துடைக்கிறேன். படிவத்தில் நான்கு 'இல்லை' போடுகிறேன். அலுமாரியைத் திறந்து ஏப்ரனைக் கட்டுகிறேன். அதுவரைக்கும் அது நான்தான்.

பிறகு படத்திலிருக்கிறவன் நின்றான்.

இடது பக்கம் திரும்பினான். அங்கே சுவர். இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே பார்க்க நீட்டினான். வாத்தியாரிடம் அடி வாங்க நீட்டுவதுபோல. அப்படியே நின்றான். எவ்வளவு நேரம் என்று சொல்லமுடியவில்லை. நித்யா படம் உறைந்துவிட்டதோ என்று திரையைத் தட்டினாள். உறையவில்லை. பின்னால் லோசா பானையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறாள், முகத்தை வேண்டுமென்றே அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு.

நீட்டிக்கொண்டு நின்றவன் சிரித்தான். வாய் அசைந்தது.

"சத்தம் கூட்டு பிள்ளை," என்றேன்.

நித்யா கூட்டினாள். என் குரல் வந்தது. ஆனால் நான் இப்போது கதைக்கிற குரல் இல்லை, நாலு வருடத்துக்கு முந்திய குரல்.

"...இவள் நேற்று என்னைப் பாத்து ஆரப்பா அவள் எண்டு கேக்கிறாள், கேட்டியோ? ...காணும், காணும். கூசுது, விடு."

பிறகு அவன் கைகளைப் புறங்கை மேலே வரும்படி திருப்பினான். அலுமாரிக் கதவு பாதியை மறைத்தது. கதவுக்குப் பின்னால் தோள் அசைந்தது. மீண்டும் கைகள் வெளியே வந்தபோது டியூப் லைட் வெளிச்சத்தில் இரண்டும் பளபளத்தன. அந்தக் கையால் முதல் டாரோவைத் தூக்கினான்.

 லோசா தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தாள். பிரார்த்தனை போலிருந்தது.

"அங்கிள்," என்றாள் நித்யா, "யார்கிட்ட பேசறீங்க?"

"தெரியாது பிள்ளை." எனக்கு அந்தக் காலையில் கை கழுவியது ஞாபகம் இருக்கிறது, முதல் கிழங்கு ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை.

ஆனால் அதைப் பார்த்தபோது கிடங்கு ஞாபகம் வந்தது. டாரோ கடிக்கும். தோலைச் சீவினால் அதன் பால் கையில் பட்டுக் கொப்புளிக்கிற மாதிரி அரிக்கும். ஊரில் பலாப்பழம் வெட்டுகிறபோதும் கரணைக்கிழங்கு வெட்டுகிறபோதும் நாங்கள் என்ன செய்வோம்? கையில் எண்ணெய் பூசுவோம். பவளம் கிடங்கில் தினமும் காலையில் அந்த டின்னைத் திறந்து முதலில் என் கைக்குப் பூசிவிடுவாள். எனக்கு நானே பூசப் பஞ்சி, சோம்பல். நான் கையை நீட்டிக்கொண்டு முதல் நாள் நடந்த பகிடியைச் சொல்வேன். அவள் பாதி விரலில் பூசும்போது கூசும். பன்னிரண்டு வருடம். அதை எண்ணெய் என்று நான் நினைத்ததே கிடையாது. எண்ணெய் என்றால் சட்டியில் விடுவது. இது கைக்குப் பூசுவது.

நித்யா படத்தைப் பின்னால் ஓட்டினாள். டின் எங்கும் தெரியவில்லை, கதவு மறைத்திருந்தது.

"கை ஏன் மின்னுது? கழுவின தண்ணி காயலையா அங்கிள்?"

இதோ கேள்வி. 'ஓம், தண்ணி' என்றால் போதும். ஒரு சொல். டின் ஏப்ரனுக்குப் பின்னால் கிடக்கும், பவளம் நாளைக் காலையும் வருவாள். லோசா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்திருந்தால்கூட எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அந்தப் பெண் அந்தப் பக்கம் பார்க்காமலே இத்தனை நாள் எனக்கு மரியாதை தந்திருந்தாள்.

எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தேன். டின்னை எடுத்து மேசையில் வைத்தேன்.

"நான்தான் பிள்ளை," என்றேன்.

மூடியைத் திறந்தேன். குளிர்காலம், எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. நிறைந்திருக்கவேண்டிய டின்னில் கால்வாசிதான் மிச்சம். அதன் நடுவில் மூன்று கோடுகள். மூன்று விரல்கள் வழித்தெடுத்த தடம். ஓரத்தில் இரண்டு நீளம், நடுவில் ஒன்று கட்டை.

நித்யா தடத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். பிறகு, நாலு வருடத்துக்கு முதல் ஒரு டாக்டர் சொன்ன அதே மெல்லிய குரலில் சொன்னாள்:

"அங்கிள், இது நீங்களேதான் எடுத்திருக்கீங்க. வேற யாரும் இல்ல."

"ஓம்," என்றேன். "வேற ஒருத்தரும் இல்லை."

6

திங்கட்கிழமைக் கூட்டத்தில் லோசாவுக்குத் துணையாக நான் போனேன், எனக்குத் துணையாக நித்யா வந்தாள். என் இங்கிலீசில் எண்ணெய், பலாப்பழம், அரிப்பு எல்லாவற்றையும் கையால் நடித்துக் காட்டினேன். படத்தை நித்யா அவர்களுக்குக் காட்டவில்லை. டின்னை மட்டும் காட்டினாள். மேலதிகாரி நெடுநேரம் டின்னைப் பார்த்துவிட்டு, அதை எல்லாருக்கும் படிப்பினையாக எடுத்துக்கொள்வோம் என்றார். லோசாவிடம் மன்னிப்பும் கேட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, நுனியை டேப் போட்டுக் கட்டிய கையுறை ஒன்று. டின் இனி இந்தக் கட்டிடத்துக்குள் வரக்கூடாது.

படிவமும் மாறியது. ஐந்தாவதாக ஒரு கட்டம்: கையில் ஏதாவது பூசினீர்களா? விஞ்ஞானத்துக்கு நான் செய்த ஒரே தொண்டு அது. பெயர் போடச் சொல்லிக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் லோசா என் முதுகில் ஒரு அடி போட்டாள். பாசம்தான், ஆனால் அவள் கை பெரிய கை.

"ஏன் சொன்னனி?" என்றாள்.

"உனக்காகத்தான். வேற என்ன?"

"அவ கோவிக்க மாட்டாவோ?"

நான் ரோட்டைக் கடந்தேன்.

வியாழக்கிழமை வீட்டில் திவசத்துக்கான சாமான்களை மேசையில் பரப்பிவைத்தபோது மதுரா வந்து நின்றாள். நித்யாவிடம் கேட்டு வாங்கிய அந்தப் படம் என் ஃபோனில் இருந்தது. ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. அவள் ஒரு காதிலிருந்து மட்டும் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். 'கூசுது, விடு' வந்த இடத்தில் மற்றக் காதிலிருந்ததையும் கழற்றினாள். திரும்ப ஒருமுறை பார்த்தாள்.

"மஸில் மெமரி, அப்பா. இட்ஸ் எ திங்."

"ஓம். பழகின கை தன்பாட்டில செய்யுமாம். நித்யாவும் அப்பிடித்தான் சொல்லுறா."

பிறகு தமிழில் கேட்டாள். துருப்பிடித்த தமிழ், ஆனாலும் தமிழ்.

"அம்மா உங்களோட கதைக்கிறவவோ?"

"நான்தான் கதைக்கிறனான் போல கிடக்கு. அவ என்ன சொல்லுறா எண்டு படத்தில கேக்கேல்லை."

டின்னை அவளிடம் கொடுத்தேன். வேலைக்குக் கொண்டுபோகக்கூடாது, நீ வைத்திரு என்றேன். மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். தன் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு சாத்துகிற சத்தம் அன்றைக்கு வழமையைவிட மெதுவாக இருந்தது.

7

வெள்ளிக்கிழமை. திவசம். ஐயர் பின்னேரம்தான் வருவதாகச் சொல்லியிருந்தார், ஆகவே காலையில் வேலைக்குப் போனேன்.

அன்றைக்கு நான் கவனமாக இருந்தேன். ஒவ்வொரு அசைவையும் மனதுக்குள் சொல்லிச் சொல்லிச் செய்தேன். கை கழுவுகிறேன். துடைக்கிறேன். கையுறை போடுகிறேன். அலுமாரியைத் திறக்கிறேன், ஏப்ரன் மட்டும்தான் இருக்கிறது. கட்டுகிறேன். இடது பக்கம் திரும்பவில்லை. திரும்பவே இல்லை. நித்யா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். லோசா பானைக்குத் தண்ணீர் பிடித்தபடி, முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றாள்.

டாரோ சீவினேன். ஒரு மணமும் இல்லை. அவித்தோம். மூடியைத் திறந்தபோது தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது, ஒரு கண்ணும் இல்லை. ஜன்னலில் ஆவி ஓர் இடமும் விடாமல் முழுவதும் படிந்தது. அவசரம் என்று நித்யா சொன்னபடியால், மதியத்துக்குப் பிறகே கீழ்மாடியில் முடிவைத் தந்தார்கள். நித்யா இந்தமுறை லிஃப்டில் வந்தாள், சிரித்துக்கொண்டு.

"ஒண்ணுமே இல்ல அங்கிள்! கிழங்குல எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவுதான். சுத்தம்!"

லோசா என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் ஊர்ப் பிள்ளைகளின் தேங்காய்ப்பால் தப்பியது. அவள் விசா தப்பியது. கிழங்கில் கொழுப்பு இல்லை என்று எழுதினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். சந்தோஷமாக இருக்கிறவன் செய்வது போலவே ஒரு பகிடியும் விட்டேன். என்ன பகிடி என்று ஞாபகமில்லை.

அவர்கள் போனபிறகு கையுறைகளைக் கழற்றினேன்.

இடது கை உறை சுலபமாக, வழுக்கிக்கொண்டு வந்தது. வலதையும் இழுத்தேன். இரண்டு கைகளும் பளபளத்தன. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கெல்லாம். வியர்வை என்று நினைத்தேன். ரப்பருக்குள் வியர்க்கும்தானே. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

டின் ரானுயியில், மதுராவின் அறைக்குள் இருந்தது.

வலது கையுறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவிரலின் நுனி, டேப்புக்கு அந்தப் பக்கம், எனக்கு விரலே இல்லாத இடம், தட்டையாகக் கிடக்கவேண்டியது புடைத்து நின்றது. அழுத்தினேன். மெத்தென்று இருந்தது. குளிரில் வெள்ளையாக உறைந்து, ஒரு தேக்கரண்டி அளவு.

கீழ்மாடியில் மெஷின் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்தால் அது என்னவென்று சொல்லிவிடுவார்கள். கையுறையைச் சுருட்டி என் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்குப் போக முதல் படிவத்தை முடித்துக் கையெழுத்துப் போடவேண்டும். இப்போதெல்லாம் ஐந்தாவது கட்டத்தை வேலை முடிந்தபிறகுதான் நிரப்பவேண்டுமாம். கையில் ஏதாவது பூசினீர்களா? பேனையை எடுத்தேன். விரல்களுக்கிடையில் வழுக்கியது. ஏப்ரனில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன்.

'இல்லை' என்று போட்டேன்.

பொய்யில்லை. நான் பூசவில்லை.